சாயங்கால நடை

பொன்னுரங்கத்துக்கு நெஞ்சை அடைத்தது நடுக்கடலில். விசைப்படகின் டிரைவர் அவர். வலையை இழுத்துக்கொண்டிருந்த ஆட்களிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சுக்கானைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். வியர்வை சட்டையை நனைத்து வழிந்தது. வாயுவாக இருக்கும் என்று அந்த ஆட்களில் ஒருவனான அன்பரசன் சோடாவை உடைத்துக் கொடுத்தான். அதைக் குடித்து வாந்தியெடுத்த பிறகுதான் அவனுக்குப் பயம் வந்தது. பாதி இழுத்த வலையை அறுத்துவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பினான். காசிமேட்டுக்கு வந்து சேர்வதற்குள் பொன்னுரங்கத்தின் உதடு கறுத்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா மனைவி கோவிந்தம்மாவையும் மகள் சௌமியாவையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்.

"சிகரெட்டை இன்னையோட மறந்துடணும். அதுதான் முதல் எதிரி. உப்பைப் பாதியா குறைங்க. கருவாடு, ஊறுகாய், எண்ணெய்ல பொரிச்சது எதுவும் வேண்டாம். மீனைக் குழம்பு வச்சுக் குடுங்க. காய், கீரை நிறைய. தினமும் நடக்கணும். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. கடலுக்குப் போறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"நடந்தா போதுங்களா டாக்டர், ஓடணுமா?" என்று பொன்னுரங்கம் கேட்டார்.

"நடந்தா போதும். ஆனா தினமும்."

கோவிந்தம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வார்டு வாசலுக்கு வந்ததும் சௌமியாவின் கையைப் பிடித்து நிறுத்தி, "அந்தம்மா சொன்னத இன்னொரு தபா ஒயுங்கா சொல்லு" என்று கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டாள்.

அவர்கள் வீடு திருவொற்றியூர் குப்பத்தில், எக்ஸ்பிரஸ் ரோடுக்கும் கல் கொட்டிய கரைக்கும் நடுவில் இருந்தது. அலை கல்லில் மோதும் சத்தம் ஒரு பக்கம், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் உறுமல் மறுபக்கம். கோவிந்தம்மா விடியும் முன்னே காசிமேட்டு ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவள். கூடை தூக்கித் தூக்கி உச்சந்தலையில் முடி கொட்டியிருந்தது. மார்க்கெட்டில் அவள் குரல் தனியாகக் கேட்கும். வீட்டில் அதிகம் பேசமாட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கருவாட்டுப் பானையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். வடகம், அப்பளம், மாங்காய் ஊறுகாய் எல்லாம் போயின. தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு மீன் வறுப்பது நின்றது. கவலை மீன் வாங்கிவந்து மண்சட்டியில் குழம்பு வைத்தாள். உப்பு குறைந்த இடத்தைப் புளியாலும் மிளகாலும் பூண்டாலும் நிரப்பப் பார்த்தாள். முருங்கைக்கீரை, கொள்ளு ரசம், சுரைக்காய்க் கூட்டு. அவருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு சட்டி வைக்கவில்லை.

"நாம ருசியா துன்னுகினு அவர மட்டும் கஞ்சி குடிக்கச் சொன்னா அது நாயமா?" என்றாள் சௌமியாவிடம். "வூட்ல ஒருத்தருக்குன்னா எல்லாருக்கும் அதான்."

முதலில் சில நாள் அவளுக்கே சோறு தொண்டையில் இறங்கவில்லை. நாக்கு மரத்துப்போன மாதிரி இருந்தது. சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகெல்லாம் கரையேறி, குப்பம் முழுக்கக் கருவாடு சுடும் வாசனை. வாளைக் கருவாட்டுக் குழம்பு என்றால் அவளுக்கு உயிர். ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தில் கொஞ்சம் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம்மா. அந்த மனுசன் இட்லி துன்னுட்டுப் படுத்துகினு கீது. நான் இத துன்னா வாசன போவும்" என்று திருப்பி அனுப்பினாள்.

டாக்டரம்மா சொன்ன நடைக்கு அவளே ஏற்பாடு செய்தாள். சௌமியா மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்த்தாள். வெயில் தாழ வந்துவிடுவாள்.

"நீயும் நைனா கூடப் போ. தனியா வுட்டா எவனாவது தோஸ்துன்னு வந்து சிகரெட்ட நீட்டுவான். உங்க நைனாவுக்கும் நீட்டுனா வாங்காம இருக்கத் தெரியாது."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்."

தினமும் சாயங்காலம் அப்பாவும் மகளும் கிளம்புவார்கள். பொன்னுரங்கம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு இறங்குவார். மார்க்கெட்டிலிருந்து சீக்கிரம் வந்த நாளில் கோவிந்தம்மா வாசலில் நின்று அவர்கள் லாரி வரிசையை ஒட்டிப் போவதைப் பார்த்திருக்கிறாள். கொளுத்துகிற வெயிலுக்கு நடுவே கடல் காற்று வந்த மாதிரி இருக்கும் அவளுக்கு. திரும்பி வந்ததும் அவர் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

"இன்னாயா, இம்புட்டுதானா?"

"ராத்திரில கம்மியா துன்னணும்னு டாக்டரே சொல்லிக்கீறாங்க கோயிந்து."

அவள் நம்பினாள்.

ஆடி மாதம் மறுபடி பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ரத்தம் எடுத்து, இதயத்தைத் திரையில் பார்த்து, பிரஷர் பார்த்தார்கள். டாக்டரம்மா பேப்பர்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். அந்த அறையில் இன்னும் நாலைந்து நோயாளிகள் முறைக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"வீட்ல சமையல் யாரு?"

"நான்தாங்க" என்றாள் கோவிந்தம்மா.

"உப்பைக் குறைக்கச் சொன்னேனே."

"கொறச்சிட்டேங்க டாக்டர்."

"பிரஷர் போன தடவையைவிட ஏறியிருக்கு. கொழுப்பு இறங்கவே இல்லை. கால் வீங்கியிருக்கு பாருங்க. குறைச்சா இப்படி இருக்குமா? எண்ணெய்ல வறுத்துக் குடுக்கறீங்கதானே?"

"இல்லீங்க. சத்தியமா இல்லீங்க. தோசக்கல்லே..."

"என்கிட்டப் பொய் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? அவர் உயிர்தான் போகும். பாசம்னு நினைச்சு நீங்க போடற ஒவ்வொரு துண்டும் அவருக்கு விஷம். படிச்ச பொண்ணு கூட இருக்கு, நீயாவது சொல்லக் கூடாதாம்மா?"

சௌமியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் சுவரில் ஒட்டியிருந்த இதயத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்த ஒரு பெண்மணி கோவிந்தம்மாவை மேலும் கீழும் பார்த்து உச்சுக்கொட்டினாள். மார்க்கெட்டில் போலீஸ்காரனையே எதிர்த்துப் பேசுகிறவள், அங்கே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, "எங்க தப்பு பண்ணேன்னே தெரியலயே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "புளியிலயே உப்பு கீதா? கல்லுப்பு அதிகமா கரையுமோ?"

"வுடு கோயிந்து, டாக்டருங்கன்னா அப்டித்தான் பேசுவாங்க" என்றார் பொன்னுரங்கம்.

மறுநாளிலிருந்து இருந்த கொஞ்சம் உப்பையும் எடுத்துவிட்டாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பிழிந்து சோறு போட்டாள். உப்பில்லாத சோற்றை அவளும் எதிரில் உட்கார்ந்து தின்றாள்.

அடுத்த வாரம் ஜூடி வந்தாள். வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண். கோவிந்தம்மாவுக்கும் பல வருடமாகப் பிரஷர் உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவாள், இல்லையென்றால் இல்லை. ஜூடி அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். ஒரு தடவை பார்த்துவிட்டு, சந்தேகம் வந்து மறுபடி பார்த்தாள்.

"இன்னாக்கா, இன்னா பண்ணே நீ? ஒயுங்கா மாத்திர போடறியா?"

"ஏம்மா, ஏறிப்போச்சா?"

"ஏறலக்கா, எறங்கியிருக்கு. என் ஏரியாவுலயே உனக்குத்தான் இவ்ளோ நல்லா கொறஞ்சிருக்கு. எடையும் கொறஞ்சிருக்க மாதிரி கீது."

கோவிந்தம்மா சிரித்தாள். "இன்னா பண்ணேன், ஒண்ணும் பண்ணல. அவருக்கு ஆக்கறதத்தான் நானும் துன்னுகினு கீறேன். கூட தூக்குனா முன்ன மாதிரி மூச்சு வாங்கறதில்ல, அது நெசம்."

"அதாங்கா விசயம். உப்பு கொறச்சாலே பாதி வேல முடிஞ்சுது. அப்ப அண்ணனுக்கு இன்னும் நல்லா எறங்கியிருக்கணுமே?"

ஜூடி சாதாரணமாகத்தான் கேட்டாள். பையை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். கோவிந்தம்மா இடத்தைவிட்டு எழவில்லை. ஒரே சட்டி. ஒரே குழம்பு. தனக்கு இறங்கியது, அவருக்கு ஏன் ஏறியது?

மறுநாள் பாதிக் கூடை கிழங்கா மீன் மிச்சமிருக்கும்போதே பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டுக் கிளம்பினாள். ஷேர் ஆட்டோவில் வந்து, வீட்டுக்குப் போகாமல், அவர்கள் நடக்கப் போகிற வழியிலேயே நடந்தாள். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. லாரிக்காரர்கள் டயர் நிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் எண்ணெயில் மீன் பொரிகிற வாசனை வந்தது. அது ஜெயஸ்ரீயின் கடை. பொன்னுரங்கத்தின் தங்கை. புருஷன் கடலில் செத்துப்போன பிறகு அண்ணன்தான் அவளுக்கு அந்தத் தள்ளுவண்டியை வைத்துக் கொடுத்தார்.

வண்டிக்குப் பக்கத்தில் சௌமியா போனைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நிமிர்ந்தவள் அம்மாவைப் பார்த்ததும் போனைக் கீழே போட்டாள்.

"எம்மா..."

கோவிந்தம்மா அவளைத் தாண்டிப் போய், வண்டிக்குப் பின்னால் மறைப்பாகக் கட்டியிருந்த தார்ப்பாயை விலக்கினாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் பொன்னுரங்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. தட்டில் சிவக்கச் சிவக்க வறுத்த வஞ்சிரம், ஒரு கிண்ணம் கருவாட்டுத் தொக்கு. இடது கையில் சிகரெட் புகைந்தது. எதிரில் அன்பரசனும் படகு ஆட்கள் இரண்டு பேரும். ஏதோ புயலில் தப்பி வந்த கதையைச் சொல்லி அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சு அடைத்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. தட்டைவிட, சிகரெட்டைவிட, அந்தச் சிரிப்புதான் அவளை முதலில் அறைந்தது.

சிரிப்பு நின்றது. அன்பரசன் எழுந்து, "வரேன் டிரைவரே" என்று நழுவினான்.

"தே... கோயிந்து. சும்மா ஒரு துண்டு. இன்னிக்குத்தான்..."

"அண்ணி, நான்தான் குடுத்தேன்" என்று ஜெயஸ்ரீ கரண்டியோடு வந்தாள். "எங்கண்ணன் மூஞ்சியப் பாரு, எப்டி வத்திக்கீதுன்னு. சிங்கம் மாதிரி இருந்த மனுசன். உப்பில்லாம பத்தியச் சோறு போட்டா மனுசன் எத்தினி நாளுக்கு இருப்பான்? துன்னுட்டு நிம்மதியா இருக்கட்டுமேன்னு..."

கோவிந்தம்மா அவளைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள்.

"எப்பத்துலருந்துடி?"

சௌமியா கீழே விழுந்த போனைக் குனிந்து எடுத்தாள்.

"கேக்கறேன்ல?"

"மொதல் மாசத்துலருந்தே" என்றாள் சௌமியா அழுதபடி. "நான் வேணாம்னு சண்ட போட்டேம்மா. நைனா நடு ரோட்டுல நின்னு அயுதுச்சு. எனக்குப் பாக்க முடியல. ஒரே ஒரு நாள்னுச்சு. அப்பால உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தல மேல சத்தியம் வாங்கிச்சு."

"நடக்கறதுன்னது இங்க வரதுக்கா?"

"நடந்துதாம்மா வருவோம்."

"டாக்டரம்மா என்ன நாலு பேரு எதிர்க்க நிக்கவச்சுக் கேட்டாங்களே. அப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி. எங்கம்மா இல்லீங்க, இவருதான் வெளிய துன்றாருன்னு. அப்ப இன்னா, வாயில கொயுக்கட்டயா வச்சிருந்தே?"

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். நைனா என் கைய அமுக்கிச்சு."

கோவிந்தம்மா தார்ப்பாயை விட்டாள். கூட்டம் சேர்வதற்குள் திரும்பி நடந்தாள். யாரும் பின்னால் வரவில்லை.

பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்தபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"திட்டிடு கோயிந்து. ரெண்டு அடிகூட அடிச்சுக்கோ. இப்டி கம்முனு இருக்காத."

"இன்னாத்துக்குத் திட்டணும்?"

"நான் சொல்றத கேளு. அங்க போய் குந்துனா நான் டிரைவரு. நாலு பேரு கத கேப்பானுங்க. இங்க வந்தா நான் சீக்காளி. நீ தட்ட வைக்கும்போதே உன் மூஞ்சில தெரியும், இவன் எப்ப சாவானோன்னு. அந்த மூஞ்சப் பாத்துகினு எனக்கு சோறு எறங்கல."

"சர்தான்யா. அத என்கிட்ட சொல்றதுக்கு இன்னா? எனக்கு முடியல, வாரத்துக்கு ஒரு துண்டு வறுத்துக் குடுன்னு கேட்டிருந்தா டாக்டர்கிட்ட கேட்டு நானே குடுத்திருப்பேன். சிகரெட்டு வுட முடியலன்னா அதுக்கும் ஆஸ்பத்திரில ஆளு கீறாங்களாம். சொன்னாத்தானே தெரியும்."

"பயந்துட்டேன்."

"சாவுக்கு பயப்படல. எனக்கு பயந்தியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் அதே சோத்தத்தான்யா துன்னேன்" என்றாள் கோவிந்தம்மா. குரல் அப்போதுதான் உடைந்தது. "எனக்கு இன்னா நாக்கு இல்லியா? வாளக் கருவாடு வூடு தேடி வந்துச்சு, திருப்பி அனுப்ச்சேன். டாக்டர் திட்டனப்ப நம்ம கைதான் தப்பு பண்ணுதுன்னு கல்லுப்பக்கூட தூக்கி எறிஞ்சேன். நீ மூணு பேரையும் வச்சுகினு என்ன பைத்தியக்காரியா ஆக்கிட்டே. குப்பத்துல எத்தினி பேருக்குத் தெரியும்? அன்பரசனுக்குத் தெரியும். லாரிக்காரனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல."

"இனிமே போவ மாட்டேன். உன் மேல சத்தியம்."

"என் மேல வேணாம். பொண்ணு தல மேல வச்சது போதும்."

சில நாள் அவர் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற லாரிகளைப் பார்த்தார். கோவிந்தம்மா வழக்கம்போலச் சமைத்தாள், வழக்கம்போலப் போட்டாள். மாத்திரையை மட்டும் எடுத்துக் கையில் கொடுப்பதை நிறுத்தி, டப்பாவை அவர் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் ஒரு சாயங்காலம் அவர் எழுந்து சட்டையை மாட்டினார். சௌமியா கூடப் போகவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"நடந்துட்டு வரேன்" என்றார் பொன்னுரங்கம்.

கூப்பிட்டு நிறுத்த வேண்டும் என்று கோவிந்தம்மாவுக்குத் தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால் வந்து உட்காருவார், நாளைக்கு வேறு ஒரு பொய் சொல்லிவிட்டுப் போவார். கூடையைக் கழுவ ஆரம்பித்தாள்.

ஐப்பசி மழையில் கடல் கொந்தளித்துப் படகுகள் போகாமல் கிடந்தன. ஒரு காலையில் வலைக் கொட்டகையில் சிக்கலெடுத்துக்கொண்டிருந்த பொன்னுரங்கம் அப்படியே வலைக் குவியல் மேல் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தார்கள். அன்பரசன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரி வாசலிலேயே கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். தகவல் வந்தபோது கோவிந்தம்மா மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமல் ஓடினாள்.

ஒப்பாரி வைத்த பெண்களில் ஒருத்தி, உப்பில்லாச் சோறு போட்டே அவரை ஒடித்துவிட்டாள் என்ற பேச்சை அன்றைக்கே தொடங்கினாள். காரியத்துக்கு முந்தின நாள் படையலில் அது பெரிதாகிவிட்டது.

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்கவேண்டும். ஜெயஸ்ரீ தன் கடையிலிருந்தே எல்லாம் கொண்டுவந்தாள். பெரிய தலைவாழை இலையில் வறுத்த வஞ்சிரம், இறால், கடம்பா மீன், கருவாட்டுத் தொக்கு. இலை ஓரத்தில் ஒரு சிகரெட் பெட்டி. படத்துக்கு மாலை போட்டிருந்தது. சின்ன வீட்டுக்குள் சொந்தக்காரர்கள் நெருக்கி நின்றார்கள். ஜெயஸ்ரீ மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ராயபுரத்திலிருந்து வந்திருந்த பொன்னுரங்கத்தின் பெரியம்மா இலையைப் பார்த்தாள். கோவிந்தம்மாவைப் பார்த்தாள்.

"உசுரோட கீறப்ப ஒரு துண்டு மீன வறுத்துப் போடலியேடி என் புள்ளைக்கு. உப்புகூட குடுக்கலியாமே. நாக்கு செத்து, ஆச அடங்காமப் போயிட்டானே. இப்ப படச்சு இன்னா, யாரு வந்து துன்னப் போறான்?"

"மனசு வுட்டுப் போச்சு அண்ணனுக்கு" என்றாள் இன்னொருத்தி. "சோறு சரியில்லன்னாவே ஆம்பள ஒடிஞ்சிருவான்."

கோவிந்தம்மா ஜெயஸ்ரீயைப் பார்த்தாள். ஜெயஸ்ரீ கற்பூரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சௌமியாவைப் பார்த்தாள். சௌமியா படத்துக்குப் பக்கத்தில் நின்று மாலையைச் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது. வாசலில் அன்பரசன் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று பேரில் யாராவது ஒருவர் சொல்வார்கள் என்று கோவிந்தம்மா காத்திருந்தாள். பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். கற்பூரம் ஏற்றப்பட்டது.

"ஜெயஸ்ரீ" என்றாள் கோவிந்தம்மா. "இது இன்னா, இன்னிக்குப் புதுசா போட்ட எலையா? தெனமும் போட்ட எலதானே?"

கற்பூரத் தட்டு ஜெயஸ்ரீயின் கையிலேயே நின்றது.

"இன்னா அண்ணி பேசற?"

"உன் அண்ணன் ஆச அடங்காம போவல. தெனம் சாயங்காலம் உன் கடையில குந்தி துன்னுட்டு, சிகரெட்டு குடிச்சுட்டுத்தான் வந்தாரு. இவங்க கேக்கறாங்க இல்ல, சொல்லு."

ஜெயஸ்ரீ தீபாராதனைத் தட்டைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். "போய்ச் சேந்த மனுசன் மேல எதுக்கு அண்ணி இப்ப பழி போடற?"

"நான் பழி போடறனா? சௌமியா, நீ சொல்லுடி."

எல்லோரும் சௌமியாவைப் பார்த்தார்கள். அவள் உதடு அசைந்தது. அப்பாவின் படத்தைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

"வுடும்மா" என்றாள். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்."

பெரியம்மா உச்சுக்கொட்டினாள். "செத்தவன் எழுந்து வந்து இல்லன்னு சொல்லமாட்டான்னு தகிரியம்" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

கோவிந்தம்மா இலையை விட்டு விலகிப் பின்கட்டுக்குப் போனாள்.

படையல் சோறு எல்லோருக்கும் பரிமாறப்பட்டது. வஞ்சிரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். கூட்டம் கலைந்தது. அவள் பின்கட்டில் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு பிடி அரிசியைக் களைந்து போட்டாள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருக்கும்போது சௌமியா ஒரு தட்டில் படையல் சோற்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"துன்னும்மா. காலைலருந்து ஒண்ணும் துன்னல நீ."

"எனக்கு நான் ஆக்கிக்கறேன்."

சௌமியா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எல்லாரு எதிர்லயும் நைனாவ வுட்டுக் குடுக்க முடியலம்மா. நான் நாளைக்கு அத்தகிட்ட பேசறேன். ராயபுரத்து ஆயா வூட்டுக்கே போய்ச் சொல்றேன்."

கோவிந்தம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். சோறு கொதித்துப் பொங்கியது. மூடியை எடுத்துவைத்தாள்.

"எனக்கும் போடும்மா" என்றாள் சௌமியா.

கோவிந்தம்மா இரண்டு தட்டு எடுத்தாள். சோற்றைப் போட்டு, கீரையை வைத்து, ஒன்றை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க நைனாவோட அப்பாவும் நெஞ்சு அடச்சுத்தான் செத்தாரு. நீ அந்த ரத்தம். ஆபீஸ்ல குந்திகினே கீறே, வெளிய வாங்கி துன்றே. இனிமே காலைல என்கூட நடந்து வா, இந்தச் சோத்தத் துன்னு. உனக்கு நான் ஆக்கிப் போடறேன்."

சௌமியா தலையாட்டினாள். "துன்றேம்மா. இனிமே வெளிய ஒண்ணும் துன்ன மாட்டேன். சத்தியமா."

"அதெல்லாம் சொல்லாத" என்றாள் கோவிந்தம்மா. "நீ துன்றத என் கண்ணால பாத்துக்கறேன். நீ வாயால சொல்றது எனக்கு வேணாம்."

சௌமியா சோற்றைப் பிசைந்தாள். கண்ணீர் தட்டில் விழுந்தது. கோவிந்தம்மா அதைப் பார்த்தாள். கையை நீட்டித் துடைக்கவில்லை. மகள் கடைசிப் பருக்கை வரை தின்று முடிக்கும் மட்டும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.